இரத்த வகையும் வயிற்றுப்போக்கு நச்சும்: ஓ குரூப் என்றால் பயப்பட வேண்டுமா?



இரத்ததான முகாமுக்குப் போனால் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, "உங்களுக்கு ஓ பாசிட்டிவ்" என்று ஒரு சீட்டில் எழுதித் தருகிறார்கள். அதைப் பர்ஸில் வைத்துவிட்டு மறந்துபோகிறோம். விபத்து, ஆபரேஷன், பிரசவம் என்று வரும்போதுதான் அந்தச் சீட்டைத் தேடுகிறோம். இப்போது அதே சீட்டை வைத்து வேறு ஒரு பேச்சும் நடக்கிறது. "காலரா, பேதி எல்லாம் ஓ குரூப்காரர்களைத்தான் பிடிக்கும். நமக்கு ஏ குரூப், பயமில்லை" என்கிறார் ஒருவர். "இரத்தத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் கட்டுக்கதை" என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே பாதி உண்மைதான். சம்பந்தம் இருக்கிறது. அது ஆய்வில் பலமுறை உறுதியான சம்பந்தம். ஆனால் அதை நம்பிக் காய்ச்சாத தண்ணீரைக் குடிக்கிற அளவுக்கு அது யாருக்கும் பாதுகாப்புத் தராது. கோடையில் லாரித் தண்ணீரும் குடத்துத் தண்ணீரும் நம்பி வாழும் நம் பகுதிக் குடும்பங்கள் இதைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரத்த வகை என்பது இரத்தத்தில் மட்டும் இல்லை

மனித இரத்தம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதை வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் 1901ஆம் ஆண்டு வெளியிட்டார். அதற்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட பிரிவுகளைத்தான் நாம் இன்று ஏ, பி, ஓ என்கிறோம். ஏபி என்ற நான்காவது வகை அடுத்த ஆண்டு தெரியவந்தது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது வேறு ஒரு கணக்கு. இந்தக் கட்டுரையில் அதற்கு வேலையில்லை.

இந்த வகைகளுக்குள் என்ன வித்தியாசம்? ஒரு தஸ்பீஹ் மணிமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் செல்களின் மேற்புறத்தில் சர்க்கரைப் பொருள்களால் ஆன குட்டிச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லா மனிதருக்கும் அந்தச் சங்கிலியின் அடிப்பகுதி ஒன்றுதான். ஏ வகைக்காரருக்கு அதன் நுனியில் ஒரு மணி கூடுதலாகக் கோத்திருக்கும். பி வகைக்காரருக்கும் ஒரு மணி கூடுதல், ஆனால் அது வேறு ஜாதி மணி. ஏபி என்றால் இரண்டு விதமும் உண்டு. ஓ வகைக்காரருக்குக் கூடுதல் மணி கிடையாது. சங்கிலி மொட்டையாக நிற்கும். இவ்வளவுதான் வித்தியாசம். ஒரே ஒரு மணி!

அத்தாவிடமிருந்து ஒரு பங்கு, அம்மாவிடமிருந்து ஒரு பங்கு என்று இது வருகிறது. அதனால் அத்தாவுக்கு ஏ, அம்மாவுக்கு பி என்றிருக்கும் வீட்டில் பிள்ளைகள் நான்கு வகையிலும் பிறக்கலாம். "எங்கள் இருவருக்கும் இல்லாத ஓ குரூப் பிள்ளைக்கு எப்படி வந்தது" என்று சில வீடுகளில் வீண் சந்தேகம் கிளம்புவதுண்டு. ஏ வகைக்காரரும் பி வகைக்காரரும் தமக்குள் ஓ பங்கை மறைவாகச் சுமந்திருக்க முடியும். பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் அந்தப் பங்கே வந்தால் ஓ குரூப்தான். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இந்தச் சங்கிலிகள் இரத்தத்தின் சிவப்பணுக்களில் மட்டும் இல்லை. குடலின் உட்சுவரிலும் இருக்கின்றன. பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு உமிழ்நீரிலும் குடல் சளியிலும்கூட இவை கரைந்து கலந்திருக்கின்றன. ஆக, இரத்த வகை என்று நாம் சொல்வது உண்மையில் உடல் முழுவதற்குமான ஓர் அடையாளம். இரத்தத்தில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வயிற்றுக்குள் போகும் ஒரு கிருமி முதலில் சந்திப்பது இந்தச் சங்கிலிகள் நிறைந்த குடல் சுவரைத்தான்.

காலரா கொல்வது எப்படி?

காலரா நம் சமுதாயத்துக்குப் புதிய பெயர் இல்லை. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குக் கூடிய சுமார் 90,000 பேரில் 15,000 பேர் அந்நோயால் மவுத்தானதாக மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கடல்வழி ஹாஜிகளுக்குத் தனிமுகாம் ஏற்பாடுகள் இறுகின. செங்கடலில் உள்ள கமரான் தீவில் 1882 முதல் நம் நாட்டு ஹாஜிகள் இறங்கித் தங்கிப் போக வேண்டியிருந்தது. வயிற்று நோயால் இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸில் வருவதை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பறிகொடுத்த குடும்பத்துக்கு அது ஆறுதல். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற ஏவலும் அதே நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்ததுதான்.

காலராக் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் எகிப்திலும் பின்னர் கல்கத்தாவிலும் ஆராய்ந்து 1884இல் உறுதிப்படுத்தினார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைக் கக்குகிறது என்று அவர் ஊகித்தார். அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. நிரூபித்தவர் நம் நாட்டுக்காரர்: கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சம்புநாத் டே.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் 1915இல் பிறந்த டே, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் உதவித்தொகை பெற்று அவர் சேர்ந்தது ஹூக்ளி கல்லூரியில். இன்று ஹூக்ளி மொஹ்சின் கல்லூரி என்று அதற்குப் பெயர். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த ஹாஜி முஹம்மது மொஹ்சின் என்ற செல்வந்தர் தமக்குக் கிடைத்த பெரும் சொத்தை 1806இல் வக்ஃபு செய்தார். 1812இல் அவர் காலமானார். அந்த வக்ஃபு வருமானத்தைக் கொண்டு 1836இல் எழுந்ததுதான் அந்தக் கல்லூரி. வக்ஃபு எழுதியவர் இறந்து ஒரு நூற்றாண்டு கடந்தபின், அந்தக் கல்லூரியில் படித்த இந்து மாணவர் ஒருவர் உலகத்தையே வாட்டிய நோயின் இரகசியத்தை உடைத்தார். ஒரு தர்மத்தின் பலன் எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்! அறக்கட்டளை வேலையில் ஈடுபட்டிருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னேன்.

டே செய்த சோதனை எளிமையானது. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத நீரை மட்டும் எடுத்தார். முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் அந்த வடிநீரைச் செலுத்தினார். கிருமியே இல்லாதபோதும் அந்தக் குடல் துண்டு நீர் கோத்துப் பலூன்போல உப்பியது. ஆக, ஆளைக் கொல்வது கிருமியின் உடல் அல்ல, அது கக்கும் நச்சு என்பது தெளிவாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. உள்நாட்டில் பல்லாண்டு காலம் யாரும் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978இல் நோபல் நிறுவனத்தார் நடத்திய காலராக் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். 1985இல் அவர் மறைந்தார்.

அந்த நச்சின் வேலை இப்படி. அதன் ஒரு பகுதி குடல் செல்லின் மேற்புறத்தைக் கவ்விப் பிடிக்கிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, செல்லுக்குள் இருக்கும் ஒரு சுவிட்சை ஆன் நிலையிலேயே பூட்டிவிடுகிறது. உடனே உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. மூடாத குழாய் போலத்தான். கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கிறார். அரிசி களைந்த தண்ணீர்போல வெளிறிய பேதி போகும். கண் குழி விழும், கெண்டைக்கால் இழுக்கும், சிறுநீர் நின்றுபோகும். காலையில் நடமாடியவர் இரவுக்குள் மவுத்தாகிவிடக்கூடிய நோய் இது.

ஓ வகைக்கு என்ன கூடுதல் ஆபத்து?

காலரா முற்றி மருத்துவமனைக்கு வருபவர்களில் ஓ வகைக்காரர் அதிகமாக இருப்பதை 1977இல் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பிறகு வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் செய்த ஆய்வு 1985இல் வந்தது. அங்கே ஓ வகைக்காரர்களுக்கு நோய் கடுமையாக வந்தது. ஏபி வகைக்காரர்கள் மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். கங்கைச் சமவெளியின் கடைமுனையில் ஓ வகை குறைவாக இருப்பதற்கே, நூற்றாண்டுகளாக அங்கே குடியிருந்த காலரா ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

1991 ஜனவரியில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் காலரா வெடித்தது. அந்த ஓராண்டில் மட்டும் அங்கே 3 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். பெரு மக்களில் மிகப் பெரும்பாலோர் ஓ வகை. அங்கே ஆராய்ந்தபோது, கிருமி தொற்றியவர்களில் ஓ வகைக்காரருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு மற்ற வகையினரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு இருந்தது. எட்டு மடங்கு என்பது சாதாரண வித்தியாசம் இல்லை.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஓ வகைக்காரரைக் காலராக் கிருமி அதிகமாகத் தேடிப் பிடிப்பதில்லை. டாக்காவில் காலரா நோயாளிகளின் வீட்டாரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஓ வகைக்காரருக்குக் கிருமி தொற்றியது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் தொற்றியபின் நோய் கடுமையானது அவர்களுக்குத்தான். "ஓ குரூப்காரர்களைத்தான் பிடிக்கும்" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் பிசகுகிறது. பிடிப்பது எல்லோரையும், அடி பலமாக விழுவது ஓ வகைக்கு.

ஏன் அப்படி? அந்த மணிச் சங்கிலிக்குத் திரும்புவோம். காலரா நச்சு குடல் செல்லைக் கவ்வுவதற்கு அதில் ஒரு முக்கியக் கொக்கி இருக்கிறது. அது எல்லோரிடமும் ஒரேபோல வேலை செய்யும். அதோடு அந்த நச்சின் பக்கவாட்டில் இன்னொரு சிறிய பள்ளம் இருப்பதும், இரத்த வகைச் சங்கிலிகள் அதில் பொருந்துவதும் தெரியவந்தது. ஓ வகையின் மொட்டைச் சங்கிலி அதில் நன்றாகப் பொருந்துகிறது. ஏ வகையில் நுனி மணி இடிப்பதால் பிடி தளர்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குடல் செல்கள்மீது நேரடியாக நச்சை விட்டுப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏ வகைச் செல்களைவிட ஓ வகைச் செல்களில், முன்பு சொன்ன சுவிட்சினால் சுரக்கும் பொருள் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. நோயாளிகளின் கணக்கெடுப்பில் தெரிந்தது செல்லுக்குள்ளும் அப்படியே தெரிந்தது.

மதுரையில் தெரிந்த புதுக் கிருமி

இதெல்லாம் வங்காளத்துக் கதை, பெரு நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டு இரத்த வங்கிகளின் கணக்குகளைப் பார்த்தால் ஓ வகைதான் முதலிடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ பத்துப் பேரில் நான்கு பேர். அடுத்தது பி. நம் தெருவில் பத்து வீட்டை எண்ணினால் ஓ வகைக்காரர் இல்லாத வீடு அரிதாகத்தான் இருக்கும்.

1992ஆம் ஆண்டின் கடைசியில் சென்னையிலும் பின்னர் நம் மதுரையிலும் காலரா பரவியது. வழக்கமான சோதனையில் அந்தக் கிருமி அகப்படவில்லை. அதுவரை கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ 1 என்ற ஒரே பிரிவுதான் என்று உலகம் நம்பியிருந்தது. இது அதுவல்ல. இதற்கு முன் பட்டியலில் இருந்த 138 பிரிவுகளில் எதிலும் அடங்காத புதுப் பிரிவு. அதற்கு ஓ 139 என்று எண் கொடுத்தார்கள். பழைய காலராவுக்கு எதிராக உடலில் ஏற்பட்டிருந்த எதிர்ப்பு சக்தி இதனிடம் பலிக்காததால், குழந்தைகளோடு பெரியவர்களும் பெருமளவில் படுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போனது. கடைசியில் அதற்கு 'பெங்கால்' என்ற பெயர் வைத்தார்கள். முதலில் தலைகாட்டியது தமிழ்நாட்டில்; பெயர் போனது வங்காளத்துக்கு!

(கிருமிப் பிரிவின் 'ஓ' வேறு, இரத்த வகையின் 'ஓ' வேறு. இரண்டும் ஒரே எழுத்தாக அமைந்தது தற்செயல்தான்.)

சட்டை மாறினாலும் அந்தப் புதுக் கிருமி கக்கியது அதே காலரா நச்சுதான். டாக்காவில் 1994இல் வெளியான ஆய்வு, இந்தப் புதுக் கிருமியிலும் ஓ வகைக்காரரே அதிகம் பாதிக்கப்பட்டதையும் ஏபி வகைக்காரர் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்டதையும் காட்டியது.

ஏ வகைக்காரர் நிம்மதியாகத் தூங்கலாமா?

கூடாது. இங்கேதான் அந்த ஏ குரூப் நண்பரின் வாதம் உடைகிறது. வயிற்றுப்போக்கு எல்லாம் காலரா இல்லை. நம் நாட்டில் குழந்தைகளையும் வெளியூர்ப் பயணிகளையும் அதிகம் தொந்தரவு செய்யும் பாக்டீரியாக்களில் ஒன்று, நச்சு சுரக்கும் ஒருவகை ஈ. கோலை. அதன் ஒரு நச்சு, காலரா நச்சுக்கு உடன்பிறப்பு என்று சொல்லும் அளவுக்கு ஒத்திருக்கும். இந்தக் கிருமிக்குப் பிடித்தமானது ஏ வகை.

2018இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கியது. வங்கதேச நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த ஈ. கோலை கிருமியை, அமெரிக்காவில் முன்வந்த தன்னார்வலர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்திருந்தார்கள். ஏ அல்லது ஏபி வகைக்காரர்களில் 81 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. பி, ஓ வகைக்காரர்களில் பாதிப் பேருக்குத்தான் தேவைப்பட்டது. அந்தக் கிருமி ஒரு பசைப் புரதத்தைச் சுரக்கிறது. அது ஏ வகையின் நுனி மணியைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. கிருமி குடலோடு ஒட்டி நின்றால் நச்சைக் குறிபார்த்து இறக்குவது எளிது. காலரா நச்சிடமிருந்து ஏ வகைக்காரரைக் கொஞ்சம் காத்த அதே மணி, இங்கே கிருமிக்குக் கைப்பிடியாகிவிடுகிறது.

ஒன்றில் குறைவாகத் தெரிவது மற்றொன்றில் காவலாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் குழந்தைகளிடம் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வில், உயிரைப் பறிக்கும் கடும் மலேரியா ஓ வகைக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அளவே வந்திருந்தது. மலேரியாக் கிருமி புகுந்த அணுக்கள் மற்ற அணுக்களோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் திரள்வது ஓ வகையில் குறைவு என்பதே காரணம். படைத்த ரப்பு எதையும் வீணாக வைக்கவில்லை என்று நாம் புரிந்துகொள்ளலாம். ஆய்வாளர்கள் அவர்கள் மொழியில், நோய்கள் மாறி மாறி வந்ததால்தான் எல்லா வகையும் உலகில் நிலைத்தன என்கிறார்கள்.

ஆகவே இரத்த வகை பார்த்துப் பெண் எடுப்பது, "ஓ குரூப்பா, வேண்டாம்" என்று சம்பந்தம் பேசும்போது முகம் சுளிப்பது போன்றவற்றுக்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை. 1996இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்து, இரத்த வகைக்கு ஏற்ற உணவு என்று ஒரு வியாபாரமே கிளம்பியது. இன்றும் வாட்ஸ்அப்பில் அந்தப் பட்டியல் சுற்றுகிறது. ஏ வகைக்காரர் கறி சாப்பிடக் கூடாதாம்! பிரியாணி சாப்பிட்டபின் வரும் பேதிக்கு இரத்த வகை காரணம் இல்லை. பெரும்பாலும் பாத்திரமும் தண்ணீரும் பரிமாறிய கையும்தான் காரணம்.

எந்த வகைக்கும் ஒரே மருந்து

காலரா நோயாளி வந்தால் டாக்டர் இரத்த வகையைக் கேட்பதில்லை. எவ்வளவு நீர் போயிருக்கிறது என்றுதான் பார்க்கிறார். இரத்த வகை எதுவானாலும் போன உப்பையும் நீரையும் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சை. சரியாகக் கொடுத்தால் காலராவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் சாகத் தேவையில்லை.

நச்சு சுவிட்சைப் பூட்டி நீரை வெளியேற்றுகிறது என்று சொன்னேன். ஆனால் குடலில் இன்னொரு வாசல் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் வாசல் அது. காலரா நச்சு அந்த வாசலைத் தொடுவதே இல்லை. வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காத உடம்பு, சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது இதனால்தான். இதைக் கொண்டு காலரா நோயாளிகளைக் காப்பாற்ற முடியும் என்பதை 1968இல் டாக்காவில் காட்டினார்கள்.

1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்து குவிந்தார்கள். பனகான் முகாமில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டச் செய்து, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே டம்ளரைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நர்ஸ் இல்லை, ஊசி இல்லை. தாய்மார்களும் சகோதரர்களும் டம்ளரும்தான். வங்கதேசத்தில் டாக்டர் ரஃபீகுல் இஸ்லாம் இதே கரைசலைக் குடிசை குடிசையாகக் கொண்டுபோகப் பாடுபட்டார். மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை நம் அரசு அறிவித்தது.

இன்று அந்தப் பொட்டலம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பெரும்பாலான பாக்கெட்டுகளுக்கு ஒரு லிட்டர். பாதியை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்குவது தவறு, உப்பு ஏறிப்போகும். மேற்கொண்டு சர்க்கரை சேர்க்கக் கூடாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், மோர் ஆகியவற்றையும் கூடவே கொடுக்கலாம்.

மருந்துக் கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் பலர். அவற்றில் சர்க்கரை மிக அதிகம். பேதியைக் கூட்டத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரமலானில் பேதி வந்தால் சிலர் நோன்பை விட மனமில்லாமல் மஃரிப் வரை தாக்குப்பிடிக்கப் பார்க்கிறார்கள். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகையை மார்க்கமே கொடுத்திருக்கிறது. காலராவில் அந்த ஐந்தாறு மணி நேரம்தான் உயிருக்கும் மவுத்துக்கும் நடுவில் நிற்பது. பேதி ஆரம்பித்தவுடன் நோன்பை விட்டுக் கரைசலைக் குடிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிநீரை நன்றாகக் கொதிக்க வைத்து மூடி வையுங்கள். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை நாம் அறிவோம். குடத்துக்குள் கையோடு டம்ளரை விட்டு மோக்காமல் நீள்பிடிக் கரண்டியால் எடுங்கள். கந்தூரி, வலீமா, நோன்புக்கஞ்சி என்று நூறு பேருக்குச் சமைக்கும் இடங்களில் பரிமாறுகிறவர்கள் கை கழுவ சோப்பு வைத்திருக்கிறதா என்று ஜமாஅத்தார் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அங்கே ஒரு கை அசுத்தமானால் நான்கு இரத்த வகைக்காரரும் சேர்ந்தே படுப்பார்கள்.

ஒவ்வொரு முறை பேதி போனபின்னும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்துபோனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ 108ஐக் கூப்பிட்டுத் திருமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். வண்டியில் போகும்போதும் கரைசலை ஊட்டிக்கொண்டே போகலாம். குழந்தைகளுக்குக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும்.